மின்விசிறி மறைத்த உறுமல்

எங்கள் கூடத்து அலமாரியில் ஐந்து வருடமாக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடுவது. நானே கட்டியது. இடது, வலது என்று பக்கத்துக்கு ஸ்பீக்கரை ஓட்ட ஓர் இஎல் 84 வால்வு, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக முன்னால் சிக்னலைப் பெருக்க ஓர் இசிசி 83, மின்சாரத்தை ஒருதிசையாக்கித் தர ஓர் இஇசட் 81. மொத்தமே நான்கு வால்வுதான். இஎல் 84 இரண்டும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் செய்தவை. ரிச்சி தெருவில் பழைய சரக்கு விற்கும் ஒரு கடையில் அட்டைப்பெட்டி கலையாமல் கிடைத்தன. பக்கத்துக்கு 4 வாட் வரும். எங்கள் கூடத்துக்கு அது தாராளம்.

போன கார்த்திகையில் அம்மா ஊரிலிருந்து எங்களோடு வந்து சேர்ந்தார். கட்டில் போட இடம் இருந்தது கூடத்தில்தான். ஒன்பது மணிக்கு அம்மா படுத்துவிடுவார், நான் பாட்டுக் கேட்க உட்காருவதே ஒன்பதரைக்கு மேல். சரி, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கையில் சென்ஹைசர் ஹெச்டி 650 இருந்தது. அதற்கென்று தனியாக ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்க மனம் வரவில்லை. எனக்குப் பிடித்த சத்தம் இந்த நான்கு வால்வுக்குள் இருக்கும்போது வேறொன்றை எதற்குத் தேட வேண்டும்?

ஸ்பீக்கருக்குப் போகும் வயரை ஹெட்ஃபோனுக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஸ்பீக்கரை ஓட்டுவதற்கு ஹெட்ஃபோன் எம்மாத்திரம்! அப்படித் தொடங்கிய வேலை முடிய இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் விஷயம் எனக்கு முன்பே தெரியும். வால்வு ஆம்ப்பை லோடு இல்லாமல், அதாவது சக்தியை வாங்கிக்கொள்ள ஸ்பீக்கர் மாதிரி ஒன்று இல்லாமல், ஓட்டவே கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டாலும் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். வால்வில் அப்படி இல்லை. இஎல் 84-இன் ஆனோடுக்கும் (சிக்னல் வெளிவரும் முனை) ஸ்பீக்கருக்கும் நடுவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. என்னுடையது 5,200 ஓமை 8 ஓமாக மாற்றுவது. ஓம் கணக்கில் 650 மடங்கு, சுற்றுக் கணக்கில் அதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 25. அந்தப் பக்கம் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் வால்வு 5,200 ஓமைப் பார்க்கும். அங்கே 300 ஓம் ஹெட்ஃபோனை மட்டும் மாட்டினால் 1,95,000 ஓமைப் பார்க்கும். அது லோடே இல்லாததற்குச் சமம். சிக்னல் கொஞ்சம் பலமாக வந்து வால்வு சட்டென்று மின்னோட்டத்தை நிறுத்தும்போது, சுருளில் சேர்ந்த சக்தியை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆளில்லை. ஆனோடில் மின்னழுத்தம் சப்ளையைத் தாண்டி எகிறும். சாக்கெட்டின் பின்களுக்கு நடுவே பொறி பறக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரின் உள்சுற்று எரிந்தே போகலாம். ஆகவே ஸ்பீக்கர் முனைகளில் பக்கத்துக்கு ஒரு 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைப் போட்டேன், வெள்ளைச் சிமெண்ட் கட்டி மாதிரி இருக்குமே, அது. அதற்கு இணையாக ஹெட்ஃபோன் சாக்கெட். சிவப்பு முனைகள் இடது, வலது என்று தனித்தனியே. கறுப்பு முனைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தேன். ஹெட்ஃபோன் பின்னில் மூன்றே தொடர்புதானே, எர்த் இரண்டு காதுக்கும் பொது.

போட்டுக் கேட்டால் இடது காதில் சத்தமே இல்லை.

வயரை மாற்றினேன், வால்வை இடம் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பீக்கரை மாட்டினால் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பாடுகிறது. மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, எர்த்தோடு சேர்ந்திருக்கும் உலோகச் சட்டமான சேசிஸுக்கும் கறுப்பு முனைகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன். வலது கறுப்பு பீப் அடித்தது. இடது கறுப்பும் அடித்தது. அப்புறம் எங்கே கோளாறு? இரண்டு நாள் இதிலேயே போனது.

மூன்றாம் நாள் தற்செயலாகச் சிவப்பு முனையில் வைத்தேன். அதுவும் பீப் அடித்தது. அப்போதுதான் உறைத்தது. டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் பக்கச் சுருள் தடித்த வயரில் கொஞ்சம் சுற்றுகள்தான். அதன் நேர்மின் தடை அரை ஓம்கூட இராது. மல்டிமீட்டருக்கு அதன் இரண்டு முனையும் ஒன்றுதான். எந்த முனை உண்மையில் எர்த் என்பதை அதால் சொல்ல முடியாது. சிக்னல் ஓடும்போது ஏசி வோல்ட்டில் அளந்தால்தான் தெரியும். ஒரு சீரான ஒலியை உள்ளே கொடுத்து, சேசிஸிலிருந்து ஒவ்வொரு முனையாக அளந்தேன். வலதில் கறுப்பு சைபர், சிவப்பில் வோல்ட். இடதில் தலைகீழ்: சிவப்பு சைபர், கறுப்பில் வோல்ட்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நடந்தது அப்புறம் நினைவுக்கு வந்தது. இடது டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று எதிர்த்திசையில் வந்திருந்தது. நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே போகும் சிக்னலில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி உள்ளே கொடுப்பது) சரியாக வருவதற்காக அதன் வயர்களை மாற்றி எர்த் செய்திருந்தேன். ஸ்பீக்கர் முனைகளை மட்டும் வயரின் நிறம் பார்த்தே மாட்டிவிட்டேன். வெளியே ஸ்பீக்கர் வயரைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்துகொண்டதால் இத்தனை நாளும் தெரியவில்லை. ஸ்பீக்கர்கள் தனித்தனி வயரில் ஓடுகிறவை, அவற்றுக்குக் கவலையில்லை. ஹெட்ஃபோனுக்காக இரண்டு கறுப்பையும் சேர்த்ததும் இடது பக்கத்துச் சிக்னல் முழுவதும் எர்த்துக்குப் போய்விட்டது. இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் இதைப் பாருங்கள். சில ஆம்ப்களில் சுருளின் நடுமுனையை எர்த் செய்திருப்பார்கள். அங்கே இரண்டு பக்கத்துக் கறுப்பையும் சேர்க்கவே முடியாது.

இடதில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் போட்டதும் இடது காதும் பாட ஆரம்பித்தது. ஆனால் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல்.

வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் போகவில்லை. மார்கழி பிறந்திருந்தது. அம்மாவுக்கு அந்தக் குளிரில் மின்விசிறி ஆகாது என்று நிறுத்தியிருந்தோம். அந்த அமைதியில், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை மாட்டி, அதன் கூம்பருகே காதை வைத்துக் கேட்டேன். அதே உறுமல், மெல்லியதாக. ஐந்து வருடமாக அது இருந்திருக்கிறது. எங்கள் கூடத்து மின்விசிறி அதை மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மல்டிமீட்டரில் அளந்தால் 2 மில்லிவோல்ட். ஒரு வோல்ட்டில் ஐநூறில் ஒரு பங்கு. இது எப்படி இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். என் ஸ்பீக்கர் 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும். 2 மில்லிவோல்ட் அதைவிட 63 டெசிபல் கீழே, ஆக 27 டெசிபல். நாற்காலி இருக்கும் மூன்று மீட்டருக்கு வருவதற்குள் அது இன்னும் குறைந்துவிடும். ஹெச்டி 650 ஒரு வோல்ட்டுக்கே 103 டெசிபல் தரும். அதே 2 மில்லிவோல்ட் அதில் 49 டெசிபல், அதுவும் காதுக்கு ஒட்டினாற்போல. இந்த உறுமல் போன்ற 100 ஹெர்ட்ஸ் ஒலி மனிதக் காதுக்குக் கேட்கத் தொடங்குவது ஏறத்தாழ 26 டெசிபலில். ஸ்பீக்கரில் விளிம்பில் நின்ற உறுமல் ஹெட்ஃபோனில் அதற்கு 23 டெசிபல் மேலே வந்து உட்கார்ந்திருந்தது.

ஹெட்ஃபோனுக்குச் சக்தி போதுமா என்பதே நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியே தப்பு. சக்தி கொட்டிக் கிடக்கிறது. 4 வாட்டில் என் ஆம்ப் தரும் 5.66 வோல்ட் அப்படியே போனால் ஹெட்ஃபோனில் 118 டெசிபல். காதைக் கெடுக்க அது போதும். பாட்டே ஓடாதபோது இந்த ஆம்ப் என்ன செய்துகொண்டிருக்கிறது, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு தொல்லையும் அப்போதுதான் புரிந்தது. ராத்திரிக்கு ஏற்ற அளவில் கேட்க வால்யூம் குமிழைத் துளி திருப்பினால் போதும். அந்த மூலையில் இரட்டை வால்யூம் கண்ட்ரோலின் இரண்டு அடுக்கும் சமமாக இருக்காது. முதலில் இடது காதில் மட்டும் பாடும், இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் வலதும் சேரும். பாடகர் நடுவில் உட்காரவே மாட்டேன் என்கிறார்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு, ஹெட்ஃபோனுக்கு முன்பு, சத்தத்தையும் உறுமலையும் சேர்த்தே குறைத்துவிடுவது. 10 ஓமைக் கழற்றிவிட்டு 6.8 ஓம், 10 வாட் ஒன்றும் 1 ஓம், 5 வாட் ஒன்றும் தொடராகப் போட்டேன். ஹெட்ஃபோன் அந்த 1 ஓமின் இரு முனைகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். மொத்தம் 7.8 ஓம், டிரான்ஸ்ஃபார்மருக்கு அது 8 ஓம் ஸ்பீக்கர் மாதிரியே. ஹெட்ஃபோனுக்குப் போவது 7.8-இல் ஒரு பங்கு, அதாவது 18 டெசிபல் குறைவு. உறுமல் 49-இலிருந்து 31-க்கு இறங்கியது. முழுச் சத்தம் 118-இலிருந்து 100-க்கு வந்தது. வால்யூம் குமிழ் கடிகாரத்தில் பதினோரு மணி முள் இருக்கும் இடத்துக்கு ஏறியது, பாடகரும் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

பழைய ரிசீவர்களில் வேறு மாதிரி செய்வார்கள். ஸ்பீக்கர் முனையிலிருந்து 220, 330, 470 ஓம் என்று ஒரே ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு ஹெட்ஃபோனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஹெட்ஃபோன் ஆம்ப்பின் முனைத்தடை 120 ஓம் என்று ஒரு சர்வதேசத் தரமே இருந்தது. எனக்கு அது சம்மதமில்லை. ஹெச்டி 650-இன் 300 ஓம் எல்லாச் சுருதியிலும் 300 ஆக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓம் அளவுக்கு ஏறும். 120 ஓம் தொடரில் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரு டெசிபல் கூடிவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி தன் அளவைவிடக் கொஞ்சம் பெருத்துத் தெரியும். 1 ஓமிலிருந்து எடுத்தால் அந்தக் கவலை கிடையாது.

ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும் மாற்ற ஒரு டாகிள் சுவிட்ச். அது ஒன்றை விட்டு இன்னொன்றைத் தொடும் கண நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாமல் நிற்கக்கூடாதே என்று, 220 ஓம் ஒன்றை ஸ்பீக்கர் பக்கச் சுருளின் குறுக்கே நிரந்தரமாக வைத்துவிட்டேன். அது முழு லோடு ஆகாது, அந்தக் கண நேரத்துக்கு மட்டும் ஒரு பிடிமானம்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். பலருக்கு 31 டெசிபல் உறுமல் பெரிய விஷயமாக இராது. நான் கேட்பது பெரும்பாலும் வீணையும் வாய்ப்பாட்டும். வீணையில் ஒரு மீட்டுக்குப் பிறகு தந்தி அடங்கிக்கொண்டே போகும், அந்த அடங்கலுக்குள்தான் கமகம் நடக்கும். கடைசியில் ஸ்வரம் எங்கே முடிந்தது என்று தேடிக் கேட்கும் இடத்தில் உறுமல் வந்து மூடிவிடுகிறது. அதைவிடக் கொடுமை வாய்ப்பாட்டில். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நேராக்கிய பிறகு மிஞ்சும் அலை அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். 5 கட்டைச் சுருதிக்கு, மேற்கத்திய கணக்கில் ஜி ஸ்வரத்துக்கு, கீழ் ஸ்தாயியில் வருவது 98 ஹெர்ட்ஸ். 5 கட்டையில் பாடும் ஒரு பெண்குரலின் கச்சேரியைப் போட்டால், தம்புராவின் ஷட்ஜத்துக்கு அருகே, அதோடு சேராமல், ஒரு பொடி ஏறிய இன்னொரு ஷட்ஜம் நிற்கிறது. இவற்றின் இரட்டிப்பான 196-க்கும் 200-க்கும் இடையே விநாடிக்கு நாலு முறை ஒரு நடுக்கம். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, ஹெட்ஃபோனையே கருவியாக்குவது. ஆம்ப்பை அணைத்து, கண்டன்சர்களில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு, இஇசட் 81 வால்வைப் பிடுங்கினேன். அது இல்லாவிட்டால் உயர்மின்னழுத்தமே கிடையாது, மற்ற வால்வுகள் ஒளிரும், வேலை செய்யாது. 18 டெசிபல் குறைப்பையும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்குக் கொடுத்து மறுபடி சுவிட்சைப் போட்டேன். வலதில் சுத்த அமைதி. இடதில் இன்னும் ஒரு முனகல். வால்வே ஓடாதபோது வரும் முனகல் வேறெங்கிருந்து வரும்? பக்கத்தில் இருக்கும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், காற்று வழியாகவே, இடது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அணைத்து, பிளக்கை உருவி, அந்த இடது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நட்டுகளைக் கழற்றினேன். சேசிஸுக்குக் கீழே 230 வோல்ட் வரும் இடங்களையும், இஇசட் 81-இன் சாக்கெட்டையும் தடித்த டேப்பால் மூடினேன். மறுபடி சுவிட்சைப் போட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரை ஒரு கையால் மெல்லத் திருப்பினேன். இன்னொரு கை பனியன் பக்கம் மடக்கியபடி. இருபது பாகை திருப்பியதும் முனகல் கொஞ்சம் ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. அறுபது, எழுபது. தொண்ணூறுக்குச் சற்று முன்னால் ஓர் இடத்தில், யாரோ கதவைச் சாத்தியதுபோல, நின்றுவிட்டது. அரை விரல் தள்ளினால் மீண்டும் வருகிறது. அந்த இடத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டேன்.

அம்மா விழித்துப் பார்த்திருக்கிறார். "ஏம்ப்பா, பாட்டே ஓடலயே, என்னத்தக் கேக்குற?" என்றார். ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் வைத்து, டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிக் காட்டினேன். "மாவு மில்லு தூரத்துல ஓடுற மாதிரி இருக்கு. இப்ப நின்னுபோச்சு" என்றார். துல்லியமான வர்ணனை. மறுநாள் புது ஓட்டை போட்டு, அந்தக் கோணத்திலேயே டிரான்ஸ்ஃபார்மரை இறுக்கினேன்.

அது 50 ஹெர்ட்ஸ் பங்கு. 100 ஹெர்ட்ஸ் பங்கு சப்ளையிலிருந்து வந்தது. என் ஆம்ப்பில் 47 மைக்ரோஃபாரட் கண்டன்சர், பிறகு அலையைத் தடுக்கும் சுருளான 10 ஹென்றி சோக், பிறகு இன்னொரு 47 என்று இருந்தது. எனக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித்தரும் பெரியவரிடம், எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம், போய்க் கேட்டேன். "முதல் கண்டன்சரத் தொடாதீங்க தம்பி. அந்த வால்வுக்கு அம்பதுக்கு மேல ஆகாது, சுவிட்ச் போட்டதும் பளிச்சுனு போயிடும். சோக்குக்கு அந்தப் பக்கம் இருக்கறத எவ்வளவு வேணா பெருசாக்குங்க" என்றார். இஇசட் 81-இன் தரவுத்தாளும் 50 என்றே சொல்கிறது. சோக்குக்குப் பிந்தைய 47-ஐ எடுத்துவிட்டு 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் போட்டேன். அலை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறையும் என்பது கணக்கு.

மறுபடி அளந்தபோது 2 மில்லிவோல்ட் இருந்த இடத்தில் 0.5. அது 12 டெசிபல் இறக்கம். ரெசிஸ்டர்களின் 18-ஐயும் சேர்த்தால் ஹெட்ஃபோனில் 19 டெசிபல். காதின் 26-க்குக் கீழே.

இப்போது ராத்திரி கேட்கும் அளவு சுமார் 80 டெசிபல். அதற்கு இந்த ஆம்ப் தருவது 39 மில்லிவாட், அதன் 4 வாட்டில் நூறில் ஒரு பங்கு. அந்த அளவில் இஎல் 84 மிக நிதானமாக ஓடுகிறது. ஸ்பீக்கரின் ஓம் சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். இங்கே எப்போதும் அசையாத 7.8. என் காதுக்கு இந்த ஆம்ப் ஸ்பீக்கரில் பாடியதைவிட இந்த ரெசிஸ்டர்களுக்குப் பின்னால் நன்றாகப் பாடுகிறது.

எல்லா ஹெட்ஃபோனுக்கும் இந்த அளவு பொருந்தாது. ஏகேஜி 1989-இல் கொண்டுவந்த கே 1000 ஸ்பீக்கர் முனைகளிலேயே மாட்டுவதற்கென்று செய்தது. ஹைஃபைமேனின் ஹெச்இ 6-ம் சக்தி நிறையக் கேட்கும். இவற்றுக்குக் குறைப்பே வேண்டியிராது. காதுக்குள் செருகும் 16 ஓம் வகைக்கோ இந்த 18 டெசிபல் போதவே போதாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்தப் பெட்டிக்குள் 250 வோல்ட் இருக்கிறது, ஹெட்ஃபோன் தலையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய காகிதக் காப்பு. அது என்றைக்காவது விட்டுக்கொடுத்தால் மின்சாரம் தலைக்குப் போகாமல் எர்த்துக்குப் போக வேண்டும். ஸ்பீக்கர் பக்கச் சுருளின் ஒரு முனை சேசிஸில் இருக்க வேண்டும், சேசிஸ் மூன்றாவது பின் வழியாக எர்த்தில் இருக்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தின் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்த பிறகே ஹெட்ஃபோனை அம்மாவின் காதில் வைத்தேன். சுவிட்ச் போடும்போதும் அணைக்கும்போதும் ஹெட்ஃபோன் தலையில் இருக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இடது ஸ்பீக்கர் முனைகளைச் சேசிஸுக்கு உள்ளேயே சரியாக மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். எந்த வயர் எர்த், ஏன் அதன் நிறம் மற்றதற்கு மாறாக இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் ஏன் கோணலாக நிற்கிறது, முதல் கண்டன்சரை ஏன் பெரிதாக்கக்கூடாது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சர்க்யூட்டையும் வரைந்து, கீழ்த்தகட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். தேதியும் போட்டிருக்கிறேன்.